கட்டட வேலையும் விளம்பரமும்

விளம்பரம் என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று கருதுவோர் பலர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலையைப் பயின்றோர் அங்ஙனம் கருதார். காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் மனைகளின் வாயிலிற் கொடி கட்டியிருந்தமையும், வாது செய்ய வல்ல ஆசிரியர் தம் புலமைக்கு அறிகுறியாகக் கொடி உயர்த்தியமையும் அந்நூலிற் கூறப்பட்டுள்ளன. இத்தாலி நாட்டில் கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலிற் புதையுண்ட பாம்பேய் நகரத்தை அகழ்ந்தவர்களும், சுவர்களில் வண்ணத்தால் எழுதப்பட்ட அறிவிப்புகள் பலவற்றைக் கண்டனர். தன்னிடம் உள்ளதைப் பிறர் அறியச் செய்தல் வாணிகத்தோடு உடன்பிறந்ததேயாம். எவ்வாறு அறிவித்தாற் பயன்படும் என்பதே ஆராய்தற்குரியது. தென்காசி, குற்றாலம் ஆகிய ஊர்களில் சில கொத்தனார்களையும் சித்தாள்களையும் வைத்து வீடு கட்டும் ஒரு மேஸ்திரியை மனத்திற்கொண்டு, இதனை ஈண்டு ஆராய்வோம்.

பெரிய ஆலையின் விளம்பரம் வேறு. மேஸ்திரியின் விளம்பரம் வேறு. 1946இல் தொடங்கப்பெற்ற இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம், 1949இல் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் தன் முதல் ஆலையை நிறுவியது. அந்நிறுவனம் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அல்ட்ராடெக் நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. அவ்வாலையின் சங்கர் சிமெண்ட் என்னும் பெயர் தென்னாட்டுச் சுவர்களிலெல்லாம் எழுதப்பட்டது. அவ்விளம்பரம் பெயரை மட்டும் கூறினாற் போதும். ஏனெனில் ஒரு மூட்டையைப் போன்றதே மறு மூட்டை. வாங்குவோர் பெயரை நினைவிற் கொண்டு கேட்பர். மேஸ்திரி விற்பதோ இன்னும் கட்டப்படாத வீடு. அதனை முன்னே கண்டு, தட்டிப் பார்த்து வாங்க இயலாது. ஒரு குடும்பம் பல்லாண்டு சேர்த்த பொருளை அவர் கையில் முன்பணமாகக் கொடுக்கின்றது. ஆகவே மக்கள் அவரிடம் தேடுவது பெயரன்று, நம்பிக்கையே. அந்த நம்பிக்கைக்குரிய சான்றுகளைக் காட்டுவதே அவரது விளம்பரத்தின் வேலை என்க.

இனி, அவர் கருதவேண்டியவற்றுள் முதலாவது இடம். சாரற் காலத்திற் பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராட வரும் கூட்டம் மிகப் பெரிது. அங்கே ஒரு பலகை நாட்டினால் ஆயிரக்கணக்கானோர் காண்பரே என்று எண்ணுதல் இயல்பு. ஆயின், அவருட் பெரும்பாலோர் மறுநாளே தத்தம் ஊர் திரும்புவர்; மதுரையில் வீடு கட்டுவோர் தென்காசியிலிருந்து கொத்தனாரை அழையார். காண்பவர் தொகை பெரிதாதல் பயனன்று. வேலை கொடுக்கக்கூடியவர் காண்பதே பயன். தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை, கடையநல்லூர் என்னும் எல்லைக்குள் வீட்டுமனை வாங்கியவர் யாவர், இரும்புக்கடைக்கும் மரக்கடைக்கும் வந்து விலை கேட்பவர் யாவர் என்று அறிதலே அவர்க்கு முதற்பணி. அக்கடைகளில் வைத்த ஒரு சிறு சீட்டு, அருவிக்கரையில் நாட்டிய பெரும் பலகையினும் மிகுந்த பயன் தரும்.

இரண்டாவது காலம். தென்காசி, செங்கோட்டைக் கணவாயின் வாயிலில் அமைந்த ஊர். ஆனி, ஆடித் திங்களில் அக்கணவாய் வழியே மேல்காற்றும் சாரலும் வருகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பொழிகின்றது. ஒழுகும் மட்டப்பாவுக்குத் தட்டோடு பதிப்பதையும், கூரையோடு மாற்றுவதையும் மழை பெய்யும்போது அறிவித்தாற் பயனில்லை. சித்திரைத் திங்களிலேயே அறிவித்தல் வேண்டும். குற்றாலத்து விடுதிகளுக்குச் சாரற் காலத்திலும், சபரிமலை செல்வோர் வரும் கார்த்திகை, மார்கழியிலும் ஓய்வில்லை. எனவே விடுதிகளைப் பழுது பார்க்கும் வேலையைக் கேட்போர், மாசி முதல் வைகாசி வரையுள்ள இடைவெளியைக் குறித்து, தை மாதத்திலேயே உரிமையாளரை அணுகுதல் அறிவுடைமை.

மூன்றாவது சொல். "சிறந்த முறையில், குறைந்த செலவில்" என்று எழுதாதார் இலர். எல்லாரும் எழுதுவதனால் அத்தொடர் பொருளற்றதாயிற்று. மெய்யென்று சோதித்தறியக்கூடிய ஒரு செய்தி அதனினும் வலிமையுடையது. இன்ன தெருவில் இன்ன ஆண்டில் கட்டிய வீடு, உரிமையாளர் இசைவோடு சென்று பார்க்கலாம் என்பது அத்தகையது. கடையநல்லூர் முதலிய ஊர்களில் வளைகுடா நாடுகளிற் பணிபுரிவோர் பலர். அவர்கள் கடல்கடந்து இருந்துகொண்டே சொந்த ஊரில் வீடு கட்டுவிக்கின்றனர். கம்பி கட்டிய அன்றும், தளம் போட்ட அன்றும் கைப்பேசியிற் படம் அனுப்பி, வாங்கிய மூட்டைகளின் கணக்கையும் உடன் அனுப்பும் மேஸ்திரியின் பெயர், அவர்கள் தங்கும் அறைகளில் ஒருவர் வாயிலிருந்து மற்றொருவர் செவிக்குச் செல்லும். கூகுள் வரைபடத்தில் முகவரியைப் பதிந்து வைத்தலும் செலவற்ற உதவி. இவை யாவற்றினும் மேலானது பால் காய்ச்சும் நாள். அன்று வீட்டுக்காரர் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேட்டி கொடுத்துச் சிறப்புச் செய்கின்றார். சுற்றத்தார் கூடிச் சுவரையும் தரையையும் பார்த்து, "கட்டியவர் யார்?" என்று வினவுகின்றனர். அவ்வினாவே விளம்பரம், அவ்வீடே விடை.

நான்காவது கணக்கு. ஒருவர் 4,000 ரூபாய் செலவிட்டுத் துண்டறிக்கை அச்சிட்டு வழங்குகின்றார் என்று கொள்வோம். இருபதின்மர் விசாரித்து இருவர் வேலை கொடுத்தால், ஒரு வேலையைப் பெற 2,000 ரூபாய் செலவாயிற்று. அவ்வேலையில் நிற்கும் ஊதியம் அதனினும் மிகுதியா, குறைவா என்று பார்த்தல் வேண்டும். வருவோர் ஒவ்வொருவரையும் "எங்களை எவ்வாறு அறிந்தீர்கள்?" என்று கேட்டு, ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், எச்செலவு வீண், எச்செலவு பயனுடையது என்பது ஓராண்டில் விளங்கிவிடும்.

விளம்பரத்திற்கு அறமும் உண்டு. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில், சென்னைப் பள்ளிக்கரணையில், சாலை நடுவே வைத்த பதாகை சரிந்து வீழ்ந்ததால் இருசக்கர வண்டியிற் சென்ற இளம் பெண் பொறியாளர் ஒருவர் லாரியிற் சிக்கி உயிரிழந்தார். ஒரு பெயரைக் காட்டுவதற்காக ஓர் உயிர் போயிற்று. பொதுவழியை மறைத்துப் பெறும் புகழ் புகழாகாது. பொய்கூறும் விளம்பரத்தையும் சட்டம் பொறுப்பதில்லை. அவ்வாண்டே இயற்றப்பெற்ற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மக்களை மயக்கும் விளம்பரத்திற்கு முதன்முறை 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடந்தருகின்றது.

இறுதியாக, இத்தொழிலாளர் வேறெங்கும் தேடவேண்டாத ஒரு சான்று தென்காசியிலேயே உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டிற் காசி விசுவநாதர் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், தன் பெருமையைப் பேசுவதோடு அமைந்தானல்லன். பிற்காலத்தில் இக்கோயில் பழுதுற்றால் அதனைச் செப்பனிடுவோரைத் தான் பணிவதாகவும் கல்லில் வெட்டுவித்தான். அவன் அஞ்சியவாறே இராசகோபுரம் சிதைந்தது. 1990ஆம் ஆண்டில் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. கட்டியது எதுவும் ஒருநாள் பழுதுறும் என்பதை மறையாது கூறினமையால் அன்றோ அவன் சொல் இன்றும் நெஞ்சைத் தொடுகின்றது! "ஒரு மழைக்காலம் கழிந்தபின் நானே வந்து பார்த்து, ஒழுக்கு இருந்தால் அடைத்துத் தருவேன்" என்று எழுதி, அங்ஙனமே சென்று ஏணி வைத்து ஏறும் மேஸ்திரியும் அவ்வரசன் வழி நிற்பவரே. அவர்க்கு வேலை குறைதல் அரிது.