மழை வந்தால் உட்காருங்கள்!

எங்கள் ஆபீஸ் லிஃப்ட் ரிப்பேரான அன்றைக்குத்தான் எனக்கு மலை ஏறும் ஆசை வந்தது.

நாலாவது மாடிக்குப் படியேறிப் போக வேண்டிய நிர்ப்பந்தம். இரண்டாவது மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். டீ கொண்டு வரும் பையன், ரெண்டு கையிலும் ஃபிளாஸ்க்கோடு என்னைத் தாண்டிப் போனான். மேலே எல்லா மேஜைக்கும் டீ ஊற்றிவிட்டு அவன் திரும்பி வந்தபோது நான் மூன்றாவது மாடியில் இருந்தேன். 'ஏனு ஸார், ஹுஷார் இல்வா?' என்று பரிவோடு விசாரித்தான்.

எனக்கு வயது முப்பத்திரண்டு ஸார்! அறுபத்திரண்டு அல்ல.

அன்று ராத்திரி மெஸ்ஸில் சப்பாத்தியைப் பிய்த்தபடி அறிவித்தேன்: ''வர்ற ஞாயித்துக்கிழமை மலை ஏறப் போறோம்!''

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது ஒரு வசதி. நகரத்தைச் சுற்றி, பஸ் தூரத்திலேயே மலைகள். நந்தி மலை 4,851 அடி. உச்சி வரை ரோடு போட்டிருப்பதால், வண்டியிலேயே போய் இறங்கி 'ஏறிட்டேன்' என்று சொல்லிக் கொள்ளலாம். தும்கூர் ரோடு பக்கம் சிவகங்கை. படிக்கட்டு இருக்கிறது. ராமநகரத்துப் பாறைகளை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். 1975-ல் வந்த 'ஷோலே' படத்தில் கப்பர் சிங் உலாவிய இடம்தான் அது. இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் தேர்ந்தெடுத்தது சாவன்துர்க்கா. காரணம், உயரம் 1,226 மீட்டர். பெங்களூரே கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டரில்தானே இருக்கிறது? முக்கால்வாசி மலையை ஊரே ஏறிக் கொடுத்துவிட்டது, மிச்சம்தானே என்று கணக்குப் போட்டேன். அக்கவுண்ட்ஸ் செக்ஷன் புத்தி!

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சேலத்துக்காரர். குடை, துண்டு, புளியோதரை இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குக்கூடப் போக மாட்டார். இன்னொருவன் திருநெல்வேலிப் பையன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகிறது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. சனிக்கிழமை ராத்திரி அவன் அம்மா போன் செய்து, என்னிடம் கொடுக்கச் சொன்னார்கள்.

''தம்பி, நீங்க கூடப் போறீயன்னு சொன்னதாலதான் நான் சரின்னேன். பாத்துக்கிடுங்க.''

''கவலையே படாதீங்கம்மா, நான் இருக்கேன்ல!'' என்றேன் மார்தட்டாத குறையாக.

கொள்ளி வைத்த பாட்டி

மாகடி வரை பஸ். அங்கிருந்து ஆட்டோ. தூரத்தில் மலை தெரிந்ததுமே சேலத்துக்காரர், ''யோவ், இது மலையில்லய்யா. ஒரே கல்லு!'' என்றார். உண்மைதான். மரம், மண் என்று எதிலும் ஒளிந்து கொள்ளாமல், யானை படுத்திருக்கிற மாதிரி மொட்டையாக ஒரு பிரம்மாண்டமான கருங்கல். இந்தப் பக்கத்துக் கருங்கல்லுக்கு வயது சுமார் 250 கோடி வருஷம் என்கிறார்கள் நிலவியல்காரர்கள்.

பெயருக்கும் ஒரு விளக்கம் சொல்வதுண்டு. 'சாவின துர்க்க', அதாவது சாவுக் கோட்டை. திப்பு சுல்தான் வசமிருந்த இந்தக் கோட்டையை 1791 டிசம்பரில் கார்ன்வாலிஸின் படை பிடித்தது. இந்தச் செங்குத்துப் பாறையில் பீரங்கியைத் திருப்பிவிட்டு ஏறியவர்களே ஏறிவிட்டார்கள், நாம் புளியோதரையோடு ஏற மாட்டோமா என்று தைரியம் சொன்னேன்.

அடிவாரத்தில் வீரபத்திரர் கோயில், நரசிம்மர் கோயில். அந்தப் பக்கத்தில் மோர் விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, எங்களையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டி ஒரே வரி சொன்னாள்:

''மளெ பந்தரெ, கூத்கொள்ளி.''

திருநெல்வேலிப் பையன் திடுக்கிட்டான். ''என்னண்ணே, ஏறதுக்கு முன்னாலயே கொள்ளிங்காவ?''

விழுந்து விழுந்து சிரித்தோம். கன்னடத்தில் 'கூத்கொள்ளி' என்றால் 'உட்கார்ந்து கொள்ளுங்கள்' என்று அர்த்தம். மழை வந்தால் உட்காருங்கள். அவ்வளவுதான். பத்து ரூபாய் மோருக்கு ஒரு அட்வைஸ் இலவசம் என்று நினைத்துக்கொண்டு, மோரை மட்டும் உள்ளே தள்ளிவிட்டுக் கிளம்பினேன்.

ஏறுவது சுலபம் ஸார்!

பாறையில் பாதை கிடையாது. அங்கங்கே வெள்ளைப் பெயிண்ட்டில் அம்புக்குறி. அதைப் பார்த்துப் பார்த்து ஏற வேண்டும். முதல் அரை மணியில் என் நாக்கு, பனியனைத் தொட்டுவிடும் போல் தொங்கியது. சேலத்துக்காரர் குடையைத் தடியாக ஊன்றிக்கொண்டு முருகா முருகா என்று வந்தார். பையன் மட்டும் ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் ஓடி, ''வாங்கண்ணே'' என்று மேலேயிருந்து கையாட்டினான். நடுவே இடிந்த கோட்டைச் சுவர். உச்சியில் ஒரு சிறிய மண்டபத்தில் நந்தி, அசைபோடுவது போல உட்கார்ந்திருந்தது. தூரத்தில் மஞ்சனபெலே அணைக்கட்டுத் தண்ணீர் வெள்ளித் தட்டாகத் தெரிந்தது. புளியோதரை அமிர்தமாக இருந்தது.

'லிஃப்ட்டே இல்லாவிட்டாலும் இனி கவலையில்லை' என்று நந்தியின் காதில் சொன்னேன்.

மணி இரண்டரை. தூறல் ஆரம்பித்தது. இடியில்லை, மின்னலில்லை. வெறும் பூந்தூறல்.

''கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாம்ப்பா'' என்றார் சேலத்துக்காரர்.

நான் வாட்ச்சைப் பார்த்தேன். நாலு மணிக்குள் கீழே இறங்கினால் மாகடியில் பஸ்ஸைப் பிடிக்கலாம். காலையில் ரிப்போர்ட் வேறு முடிக்க வேண்டும். ஆபீஸில் பத்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு என் ரத்தத்தில் ஊறிப்போன ஒரே மந்திரம், 'சீக்கிரம்'!

''இதெல்லாம் ஒரு மழையா? வாங்க, நான் இருக்கேன்ல'' என்றேன்.

மேலேயிருந்து பார்க்கும்போது அம்புக்குறிகள் சரியாகத் தெரியவில்லை. ஆனால் தார் ஊற்றினாற்போல ஒரு கறுப்புக் கோடு, நேராகக் கீழே இறங்கியது. ''இதான் வழி. எத்தனை பேர் நடந்து தேய்ஞ்சிருக்கு பாரு!'' என்று கைகாட்டினேன்.

அது ஜனங்கள் நடந்த வழியில்லை. தண்ணீர் நடந்த வழி. மழைத் தண்ணீர் வழிகிற தடத்தில் பாசி படிந்து, காய்ந்து கறுத்துக் கிடக்கும். ஈரம் பட்டால் சோப்பு. இது எனக்குப் பிற்பாடு தெரிந்த விஞ்ஞானம்.

பையன் முன்னால் கால் வைத்தான். மறுகணம் அவன் அங்கே இல்லை.

கத்தக்கூட இல்லை. மல்லாந்து, இருபதடி போல வழுக்கிக்கொண்டே போனான். பாறை வெடிப்பில் முளைத்திருந்த ஒரு புதர் அவன் இடுப்பைத் தடுத்து நிறுத்தியது. அவன் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் மட்டும் நிற்காமல், டக்... டக்... டக்... என்று உருண்டுகொண்டே போயிற்று. அப்புறம் சத்தமே இல்லை.

நான் இறங்கப் போனேன். சேலத்துக்காரர் என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். ''உக்காருய்யா!'' என்று ஒரு அதட்டல். அந்த மனுஷர் குரல் உயர்த்தி நான் கேட்டதே கிடையாது. உட்கார்ந்தேன்.

''தம்பி, அசையாத. அப்படியே உக்காரு. மழை நிக்கட்டும்.''

''சரிண்ணே'' என்று கீழேயிருந்து மெல்லிசாக ஒரு குரல்.

முக்கால் மணி நேரம். அவன் அங்கே, நாங்கள் இங்கே. என் மனசில் ஓடியது ஒரே ஒரு வாசகம்தான்: 'நீங்க கூடப் போறீயன்னு சொன்னதாலதான் நான் சரின்னேன்.' பஸ் போயிற்று. ரிப்போர்ட் போயிற்று. பத்து வருஷத்தில் முதல் தடவையாக, ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பதுதான் வேலை என்றாகிவிட்டது.

தூறல் நின்றது. காற்று அடித்தது. மொட்டைப் பாறை ஆச்சே, கண்ணெதிரிலேயே கறுப்பு வெளுத்துச் சாம்பல் நிறமானது. பையன் எழுந்து நிற்காமல், உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து, சொரசொரப்பான காய்ந்த பாறைக்கு வந்து சேர்ந்தான். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, பேன்ட் கிழிந்திருந்தது. நாங்களும் அதேபோல் தவழ்ந்து போய் அவனைச் சேர்ந்தோம்.

''அண்ணே... அந்தப் பாட்டி சரியாத்தான் சொல்லியிருக்கா, என்ன?'' என்றான். சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. எனக்கும்தான்.

போகிறவர்களுக்கு...

மலைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அவசியம் போங்கள். போகுமுன் வனத்துறை அனுமதி, முன்பதிவு விவரங்களை விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளூர் வழிகாட்டி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியலில் ஏறி, வெயில் உறைக்குமுன் இறங்கிவிடுவது உத்தமம். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். அடி தேய்ந்த ஷூ வேண்டாம். ஏறும்போது அவ்வப்போது திரும்பி, இறங்க வேண்டிய வழி எப்படித் தெரிகிறது என்று பார்த்து வையுங்கள். கறுப்புக் கோட்டில் கால் வைக்காதீர்கள். இறங்கும்போது தொடையும் முழங்காலும் களைத்திருக்கும். சறுக்குவது பெரும்பாலும் அப்போதுதான். உச்சியில் பாதிப் பயணம்தான் முடிந்திருக்கிறது.

முக்கியமாக, வாட்ச்சைப் பார்த்து இறங்காதீர்கள். பாறையைப் பார்த்து இறங்குங்கள். 250 கோடி வருஷமாக இருக்கிற கல்லுக்கு நம் நாலு மணி பஸ் ஒரு பொருட்டா என்ன?

அடிவாரத்துக்கு வந்தபோது இருட்டிவிட்டது. பாட்டி கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். மெஸ்ஸுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. பையனின் போன் அடித்தது. பேசிவிட்டு என்னிடம் நீட்டினான். நீட்டும்போதே, சொல்லிவிடாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினான்.

''தம்பி, பத்திரமா கூட்டிட்டு வந்துட்டீயளா?''

'நான் இருக்கேன்ல' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

''வந்துட்டோம்மா'' என்றேன். ''வழியில மழை. கொஞ்சம் உக்காந்துட்டு வந்தோம். அதான் லேட்டு.''

''நல்லதாப் போச்சு தம்பி. மழை நின்னப்புறம் வர்றதுதான் நல்லது'' என்றார் அந்த அம்மா.