நுண்துளைப் பொருளும் நமது கடமையும்

குற்றாலத்துப் பேரருவியின் கீழ் நின்று மெல்லப் பேசுபவனுடைய சொல் அடுத்தவன் காதிலும் விழாது. அணுக்கருக் காந்த ஒத்திசைவு என்னும் விஞ்ஞான முறைக்குள்ள இடர் இத்தகையதே. பொருள்களின் அமைப்பை ஆராயவும், எம்.ஆர்.ஐ. வாயிலாக உடலின் உட்புறத்தைக் காணவும் உதவும் இம்முறையில், அணுக்கருக்கள் எழுப்பும் குரல் மிக மெலிந்தது. 9.4 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தினுள்ளும், சாதாரண வெப்பநிலையில், 10 லட்சம் ஹைட்ரஜன் அணுக்கருக்களில் ஏறக்குறைய 32 மட்டுமே மிகுதியாக ஒரு திசையை நோக்குகின்றன. ஏனையவை எதிரெதிர் நின்று ஒன்றன் குரலை ஒன்று அழித்துவிடுகின்றன.

எலெக்ட்ரானின் காந்தத் திறனோ புரோட்டானினும் 658 மடங்கு பெரிது. அதன் ஒழுங்கை அணுக்கருவுக்கு ஏற்றலாமென்று 1953ல் ஓவர்ஹௌசர் கூறினார். 2003ல், கடுங்குளிரில் இவ்வாறு ஒழுங்கேற்றிய பொருளை உடனே கரைத்து, 10,000 மடங்குக்கு மேற்பட்ட குரல் பெறப்பட்டது. ஆயினும், இதற்கெனச் சேர்க்கும் தனி எலெக்ட்ரான் மூலக்கூறுகள் கரைசலிலேயே தங்கிவிடும். நோயாளியின் உடலில் செலுத்துமுன் அவற்றை அகற்றியாக வேண்டும்.

இங்கேதான் நுண்துளைப் பொருள் துணை செய்கிறது. மண்பானையின் துளைகளில் நீர் கசிவதை நாம் அறிவோம். அதனினும் மிக நுண்ணிய, சில நானோமீட்டர் அகலமே உள்ள, ஒழுங்கான துளைகளைச் சிலிகாவில் அமைக்கலாம். சவர்க்காரம் போன்றதொரு பொருளின் திரள்களைச் சுற்றிச் சிலிகாவை உறையவைத்து, பின் அப்பொருளைக் கழுவி நீக்கினால் துளைகள் எஞ்சும். அவற்றின் சுவரில் அம்மூலக்கூறுகளைத் தக்க இடைவெளிவிட்டுப் பிணைத்துவிட்டால், வேலை முடிந்ததும் திடப்பொருளை வடிகட்டித் தூய திரவத்தைப் பெறலாம். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் 2014ல் இதைச் செய்து காட்டினர்.

நிற்க, நம் நாட்டின் நிலை யாது? 1951லேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன், ஓடும் திரவத்தில் இவ்வொத்திசைவின் குறி வலுப்பதை ஆராய்ந்து வெளியிட்டார். உலகில் இத்துறை பிறந்து அப்பொழுது ஆறாண்டுகளே ஆகியிருந்தன. அத்தகைய தொடக்கம் கண்ட தேசத்தில், இன்று ஆய்வுக்கூடங்களின் பெருங்காந்தக் கருவிகள் பெரும்பாலும் அயல்நாட்டுச் சரக்காயிருப்பது நமக்குப் பெருமையன்று.

பெருங்காந்தம் செய்ய மிகுந்த பொருளும் காலமும் வேண்டும். சிலிகாவில் துளை சமைப்பதோ ரசாயனக் கலை. நம் கல்லூரிகளின் கைக்கு எட்டுவது. ஆதலின் சுதேசி முயற்சி இங்கே தொடங்கட்டும். புளியறையில் மலையடிவாரத்து வயலோரம் வளரும் சிறுவனுக்கும் இவ்விஞ்ஞானத்தைத் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். விலைக்கு வாங்கிய கருவியால் நோயைக் காணலாம். சுயராஜ்யத்துக்குரிய அறிவை விலைக்கு வாங்க இயலாது.