கொளுத்தினால் விஷம் சாகுமா?



சில வருஷங்களுக்கு முன், ஒரு சாயங்கால நேரம். ஆஸ்பத்திரியைப் பூட்டப் போகும்போது ஒரு தாய் ஓடி வந்தார். இடுப்பில் மூன்று வயசுப் பிள்ளை. கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன, விடாத இருமல். "என்னம்மா ஆச்சு?" என்றேன். "ஸ்டோருக்குப் பின்னால குப்பையக் கொளுத்துனாங்க டிரெசர் ஐயா. காத்து லயத்துப் பக்கம் அடிச்சிருச்சு" என்றார்.

பிள்ளையின் கண்ணைக் கழுவி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுப் போய்ப் பார்த்தேன். காய்ந்த செம்பனை மட்டையோடு மருந்து டின்களும் பிளாஸ்டிக் தோம்புகளும் எரிந்துகொண்டிருந்தன. மண்டோரைக் கேட்டேன். "பழைய புல்லு மருந்துங்க. அதான் தடை பண்ணிட்டாங்களே, வெச்சிருந்தா வம்பு. நெருப்புல போட்டா விஷம் செத்துப் போயிடும்ல?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம்மில் பலரும் அப்படித்தான் நினைக்கிறோம். பிள்ளை இரண்டு நாளில் தேறிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி என் மனசை விட்டுப் போகவில்லை. நெருப்பில் போட்டால் விஷம் சாகுமா?

பாதி உண்மை. புல் மருந்தும் பூச்சி மருந்தும் பெரும்பாலும் கரியை அடிப்படையாகக் கொண்ட பொருள்கள். போதிய சூடு, போதிய காற்று, போதிய நேரம் மூன்றும் கிடைத்தால் அவை சுக்குநூறாக உடைந்து, கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாறும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் விஷம் சாகாது. வேஷம் மாறி வெளியே வரும்.

சோற்றுப் பானையில் கொதிக்கும் தண்ணீரின் சூடு 100 டிகிரி. லயத்துக்குப் பின்னால் மூட்டும் குப்பை நெருப்பு நடுவில் 600, 700 டிகிரி வரை ஏறலாம். ஓரத்தில் வெறும் புகைச்சல்தான். அங்கே மருந்து முழுசாக எரிவதில்லை. பாதி ஆவியாகிக் காற்றில் போகும். பாதி புது விஷமாகும். பேராகுவாட், டூ-ஃபோர்-டி போன்ற மருந்துகளில் குளோரின் இருக்கிறது. குளோரின் உள்ள பொருள் அரைகுறையாக எரிந்தால் டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகலாம். அதில் மிகக் கொடிய வகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1997-இல் அறிவித்தது.

புகை கலைந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். டையாக்சின் சாம்பலிலும் மண்ணிலும் தங்கும். அந்த இடத்தைக் கோழி கிளறித் தின்றால் அதன் கொழுப்பில் சேரும், முட்டைக்குள் போகும். அந்த முட்டையைத்தான் நம் பிள்ளைக்கு அவித்துக் கொடுக்கிறோம்.

சரி, முறையாக எரிப்பது எப்படி? அதற்கென்றே எரி உலைகள் உண்டு. நம் நாட்டில் நெகிரி செம்பிலான், புக்கிட் நானாஸில் 1998 முதல் அப்படி ஒன்று நடக்கிறது. இத்தகைய உலை, உள்ளே நெருப்புக் கல் பதித்த பெரிய இரும்பு உருளை. கொஞ்சம் சரிவாகப் படுத்து மெதுவாகச் சுழலும். உள்ளே போடும் கழிவு புரண்டு புரண்டு எரியும். அதில் எழும் புகையை அப்படியே வெளியே விடமாட்டார்கள். இரண்டாவது அறையில் மறுபடி எரிப்பார்கள். குளோரின் அதிகமுள்ள கழிவென்றால் அங்கே 1,100 டிகிரி சூட்டில் குறைந்தது 2 விநாடி நிற்க வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகளின் சட்டம்.

பிறகு அந்தப் புகையைச் சட்டென்று குளிர வைக்க வேண்டும். மெதுவாக ஆறினால் 450-லிருந்து 200 டிகிரிக்குள் டையாக்சின் திரும்பவும் பிறந்துவிடும். அமிலத்தைச் சுண்ணாம்பு பிடிக்கும், மிச்ச நஞ்சைக் கரித்தூள் பிடிக்கும், தூசியைத் துணி வடிகட்டி பிடிக்கும். கடைசியில் மிஞ்சும் சாம்பலைக்கூட வீசாமல், அடியில் விரிப்புப் போட்ட குழியில் புதைக்கிறார்கள்.

வியட்நாம் போரில் காடழிக்கத் தெளித்த 'ஏஜண்ட் ஆரஞ்சு' மருந்தில் பாதி, நாம் அறிந்த டூ-ஃபோர்-டி. மிச்சம் கிடந்த அந்த மருந்தை அமெரிக்கா 1977-இல் எப்படி ஒழித்தது தெரியுமா? உலை பொருத்திய ஒரு கப்பலில் ஏற்றி, பசிபிக் கடல் நடுவே கொண்டுபோய் எரித்தது. அவ்வளவு எச்சரிக்கையாக எரிக்க வேண்டிய சரக்கு அது. நாமோ ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் கொளுத்துகிறோம்!

எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் பட்ட பஞ்சை நான் பின்கட்டில் கொளுத்துவதில்லை. மஞ்சள் பையில் கட்டி வைப்பேன். லைசென்ஸ் உள்ள லாரி வந்து எடுத்துப் போகும். மருந்துக் கழிவுக்கும் வழி அதேதான்.

ஆகவே இவற்றை மனசில் வையுங்கள்:

மருந்து கலக்கும்போதே காலி டின்னை மூன்று தரம் அலசி, அந்தத் தண்ணீரைப் பம்பிலேயே ஊற்றுங்கள். டின்னில் ஓட்டை போட்டு ஸ்டோரில் ஒப்படையுங்கள். தண்ணீர் பிடிக்க, ஊறுகாய் போட என்று வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

மிச்சமான மருந்தையும் தடையான மருந்தையும் எரிக்கவோ, புதைக்கவோ, ஆற்றில் கொட்டவோ வேண்டாம். பேராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை. எங்காவது மூலையில் பழைய டின் கிடந்தால் தொடாமல் கிராணியிடம் சொல்லுங்கள். 2005-ஆம் வருஷ விதிப்படி இத்தகைய கழிவை லைசென்ஸ் உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். 180 நாளுக்கு மேல் தேக்கி வைக்கவும் கூடாது. இது நிர்வாகத்தின் பொறுப்பு, நிர்வாகத்தின் செலவு.

புகை பட்டுவிட்டால் காற்று வரும் திசைப் பக்கம் விலகிப் போங்கள். கண்ணைச் சுத்தமான தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். உடுப்பை மாற்றி, உடம்பைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். மூச்சு இரைத்தாலோ, வாந்தி, தலைச்சுற்றல் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு வந்தால் வைத்தியத்துக்கு உதவும்.

"கொளுத்திப் போடு" என்று யாராவது உத்தரவு போட்டால், "முடியாதுங்க, இது சட்டப்படி குற்றம்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். 1974-ஆம் வருஷச் சுற்றுச்சூழல் தரச் சட்டம், 29ஏ பிரிவு, திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது. அப்புறமும் வற்புறுத்தினால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் சொல்லுங்கள், சங்கம் பார்த்துக்கொள்ளும். நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். புகைக்கு ஊர் பேர் தெரியாது. எல்லார் லயத்துக்குள்ளும் நுழையும்.