கூத்துக் களமும் மெய்நிகர்க் கண்ணாடியும்

மேட்டுப்பாளையம் பக்கத்து ஊர் ஒன்றில் கோயில் நோம்பி. இரவு பத்து மணி. திடலில் பாய் விரித்துச் சனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிறுவர்கள் பொரி தின்கிறார்கள். பெரியவர்கள் ஊர்ப் பேச்சில் இருக்கிறார்கள். திடீரென்று வலப்பக்கம் ஓர் உடுக்கை அதிர்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்? யாரும் சொல்லாமலே உங்கள் தலை அந்தப் பக்கம் திரும்பும், அல்லவா?

இந்த எளிய வித்தைதான் இன்று மெய்நிகர் உலகில் கதை சொல்ல முயலும் பொறியாளர்களுக்குக் கைகொடுக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

சட்டம் இல்லாத படம்

சினிமாவில் காமிரா காட்டுவதை மட்டுமே நாம் பார்க்க முடியும். மெய்நிகர்க் கண்ணாடி அப்படியல்ல. அது இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் காட்டுகிறது. மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழத்தை உணர்கிறது. இந்த உண்மையை இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் வீட்ஸ்டன் 1838-லேயே விளக்கிவிட்டார். உங்கள் தலை திரும்பினால் கருவி அதை உணர்ந்து படத்தையும் உடனே மாற்றும். ஆகவே, சுற்றிலும் 360 பாகையும் கதைக் களம்தான்!

ஆனால் கண்ணாடி ஒரு சமயத்தில் காட்டுவது சுமார் 100 பாகையே. மீதி 260 பாகை கண்ணுக்குத் தெரியாது. கதாநாயகன் முதுகுப் பக்கம் நின்று பேசும்போது நீங்கள் முன்னால் உள்ள மரத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் கதை என்ன ஆவது? பார்வையாளரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. கோட்டை விடவும் கூடாது.

கூத்துக் கலைஞருக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. அவரைச் சுற்றி மூன்று பக்கமும் சனம், சட்டம் ஏது?

காது போடும் கணக்கு

உடுக்கை ஒலி வலப்பக்கமிருந்து வந்தால் முதலில் வலக் காதை அடைகிறது. இடக் காதை அடைய, தலையைச் சுற்றி ஏறக்குறைய 22 செ.மீ. கூடுதலாகச் செல்ல வேண்டும். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். வகுத்துப் பாருங்கள்: 0.00065 வினாடி! இந்தச் சிறு தாமதத்தைக் கொண்டே மூளை திசையை அறிகிறது. மெய்நிகர்க் கதையிலும் ஒரு காதுக்கு ஒலியை இந்த அளவு தாமதமாக அனுப்பி, நம் தலையைத் திருப்பிவிடுகிறார்கள்.

அடுத்த வித்தை திரை. தெருக்கூத்தில் இருவர் துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் வேடதாரி பாடுவார். கிரீடம் மட்டும் மேலே தெரியும். எல்லோர் கண்ணும் அங்கே குவிந்த பிறகுதான் திரை விலகும். மெய்நிகர்க் கதையிலும் கணினி இப்படிக் காத்திருக்கலாம். நீங்கள் திரும்பிப் பார்த்த பிறகே முக்கியக் காட்சி தொடங்கும்.

நகராமல் ஒரு பயணம்

மேட்டுப்பாளையம் நிலையத்தில் ஊட்டி ரயிலில் அமர்ந்திருக்கிறீர்கள். அடுத்த தண்டவாளத்தில் கோவை வண்டி நகர்கிறது. நம் வண்டியே நகர்வதுபோல் ஒரு கணம் தோன்றும். கண் ‘நகர்கிறோம்’ என்கிறது. உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்களும் மற்றச் சமநிலை உறுப்புகளும் ‘இல்லை’ என்கின்றன. மெய்நிகர்க் காட்சியில் இந்தச் சண்டை நீடித்தால் தலை சுற்றும், குமட்டும்.

கூத்தில் அரசன் களத்தை ஒரு சுற்று வந்தால் போதும். அரண்மனை போய்க் காடு வந்துவிடும். நீங்கள் பாயை விட்டு நகர்வதே இல்லை. மெய்நிகர்க் கலைஞர்கள் பலரும் இப்போது பார்வையாளரை இழுத்துச் செல்லாமல், ஒரு கணம் இருளாக்கி இடத்தை மாற்றிவிடுகிறார்கள்.

கணினிக் கட்டியங்காரன்

கட்டியங்காரன் சனங்களோடு பேசுவான், அரசனையும் கேலி செய்வான். கூட்டத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தால் பதிலும் சொல்வான். ஆனாலும் கதையைத் தடம் புரளவிட மாட்டான். செயற்கை நுண்ணறிவுக்கு இன்று தேவைப்படும் திறமை இதுவே.

பிரெண்டா லாரல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1991-ல் வெளியிட்ட நூலில், கணினியை நாடக மேடையாகவே கருதி, அரிஸ்டாட்டிலின் நாடகக் கொள்கையை அதற்குப் பொருத்தினார். 2005-ல் மைக்கேல் மட்டேயஸ், ஆண்ட்ரூ ஸ்டெர்ன் இருவரும் ‘ஃபசாட்’ என்ற கணினி நாடகத்தை வெளியிட்டனர். அதில் விளையாடுபவர் எதை வேண்டுமானாலும் தட்டச்சு செய்யலாம். ‘நாடக மேலாளர்’ என்னும் நிரல் பகுதி, அடுத்து எந்தக் காட்சி வந்தால் கதை சூடுபிடிக்கும் என்று தேர்ந்தெடுக்கும்.

நம் கொங்கு நாட்டிலோ அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பல இரவுகள் பாடுவார்கள். 1965-ல் காங்கயம் பகுதியில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் அதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். பின்னாளில் அது 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டப் படமாகவும் வளர்ந்தது. பாட்டு நாடாவில் பதிந்துவிடும். ஆனால் தூங்கி விழும் கூட்டத்தை எப்போது, எப்படி எழுப்புவது என்ற அறிவு கலைஞரிடம்தான் இருக்கிறது. கேட்டு வைக்காவிட்டால் அது அவரோடு போய்விடும்.

செய்து பாருங்கள்

நண்பரின் கண்ணைத் துணியால் கட்டுங்கள். சுற்றி நின்று மெதுவாகக் கை தட்டுங்கள். திசையைச் சுட்டச் சொல்லுங்கள். இடம், வலம் சரியாக வரும். நேர் முன்னும் நேர் பின்னும் சில சமயம் குழம்பும். ஏன்? அங்கிருந்து ஒலி இரு காதுகளையும் ஒரே நேரத்தில் அடைகிறதே!

அடுத்த நோம்பியில் கூத்தைப் பார்ப்பதோடு கூட்டத்தையும் பாருங்கள். எந்த ஒலிக்கு, எந்தப் பார்வைக்கு எத்தனை தலைகள் திரும்புகின்றன என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதை எடுத்துப் போய், உடுக்கை அடித்தவரிடமே காரணம் கேளுங்கள்.