டிராக்டரில் எண்ணெய் ஒழுகுகிறதா? துடைத்துவிட்டுப் பாருங்கள்!

காலையில் பார்த்தால், டிராக்டர் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை! "சீல் போய்விட்டது, மாற்று" என்பார்கள். மாற்றுவோம். மறுநாளும் ஒழுகும்! காரணம் என்ன? எண்ணெய் சொட்டும் இடம் வேறு. கிளம்பும் இடம் வேறு!

நாசரேத் கைத்தொழிலுக்குப் பேர்போன ஊர். 1878-ம் ஆண்டிலேயே மர்காஷிஸ் ஐயர் இங்கே தொழிற்பள்ளி தொடங்கினார். சுற்று வட்டாரத்தில் வாழைத் தோட்டங்கள் உண்டு. பெரிய டிராக்டர் நுழைய முடியாத வரிசைகளுக்குள் சின்ன டிராக்டர் புகுந்து உழும். அதில் எண்ணெய் வற்றினால் என்ஜின் சூடேறி இறுகிவிடும். பிறகு செலவுக்கு அளவே இல்லை!

நிறம் சொல்லும் சேதி

இரவில் வண்டியின் அடியில் பழைய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள்.

கறுப்பாகச் சொட்டினால் என்ஜின் எண்ணெய். தேன் நிறமானால் கியர் எண்ணெய், அல்லது கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் எண்ணெய். தண்ணீர்போல் மெலிந்து நெடி அடித்தால் டீசல்.

மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே! அப்படிப்பட்ட வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு இது நேரலாம். எண்ணெயை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

ஊற்றுக்கண் எங்கே?

என்ஜின் ஆறியதும், அழுக்கைச் சோப்பு நீரால் கழுவித் துடையுங்கள். நன்றாக உலர்ந்தபின் முகப் பவுடரைத் தூவுங்கள். பத்து நிமிடம் என்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். ஓடும்போது துண்டும் வேட்டி நுனியும் விசிறிப் பக்கம் போகக் கூடாது!

இப்போது பவுடரில் ஈரக் கோடு தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே மேலே போங்கள். கோடு தொடங்கும் இடம்தான் ஊற்றுக்கண்.

வடிகால் போல்ட்டில் கசிந்தால் அதன் வாஷரை மாற்றினால் போதும். மூடியின் ஓரத்தில் கசிந்தால் போல்ட்டுகளை அளவாக இறுக்குங்கள். மூர்க்கமாக முறுக்கினால் பேக்கிங் நசுங்கி, ஒழுக்கு அதிகமாகும். சீல் மாற்றும்போது, அது உட்காரும் தண்டில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் இருந்தால் புது சீலும் நிற்காது.

மூச்சு முட்டினால்...

என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் மூச்சுவிட ஒரு துவாரம் உண்டு. 'பிரீதர்' என்பார்கள். தேரிக்காட்டுச் செம்மண் தூசி அதை அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறும். நல்ல சீல் வழியாகவும் எண்ணெய் பிதுங்கும்! ஆகவே, சீல் வாங்கக் கடைக்குப் போகுமுன் பிரீதரைச் சுத்தம் செய்யுங்கள்.

உயிருக்கே ஆபத்து!

ஹைட்ராலிக் குழாயில் ஊசித் துவாரம் விழுந்தால், எண்ணெய் ஊசிபோல் பீறிட்டுத் தோலைத் துளைத்துவிடும். ஒருபோதும் கையால் தடவிப் பார்க்காதீர்கள்! அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். கழற்றும் முன், கலப்பையைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, அழுத்தத்தைப் போக்குங்கள். எண்ணெய் தோலுக்குள் பாய்ந்தால், காயம் கடுகளவே தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரும்.

பின் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் தெரிகிறதா? அது பிரேக்கில் பட்டால் வண்டி நிற்காது. அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மற்றக் கசிவுகளுக்கு அவசரம் வேண்டாம். முதலில் துடையுங்கள், பிறகு பாருங்கள், அதற்குப் பிறகு ஸ்பானரை எடுங்கள். பாதிச் செலவு மிச்சமாகும்!