இரண்டு இருந்தால் போதுமா?

பூதிகோட்டையை அடுத்த கோலார் தங்கவயலில் நம் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. நீரிறைப்பு நின்றது, ஆழத்தில் நீர் ஏறிற்று. நிற்கக் கூடாத எந்திரத்திற்குத் துணை எந்திரம் வேண்டும் என்பது சுரங்கம் அறிந்த பாடம்.

வங்கிக் கணக்கையும் மருத்துவக் குறிப்பையும் காக்கும் சர்வர்களும் அத்தகையவையே. ஆகவே பல சர்வர்களை ஒரு குழுவாக இணைக்கின்றனர், அதுவே கிளஸ்டர். ஒன்று பணி செய்யும், மற்றது காத்திருக்கும். 'நலமே' என்னும் செய்தி இடைவிடாது வரும். அது நின்றால், காத்திருப்பது பொறுப்பேற்கும்.

ஆனால் நின்றது சர்வரா, இடையிலுள்ள இணைப்பா? இரண்டே இருந்தால் தெரியாது. இரண்டும் தம்மையே தலைவனாகக் கருதி எழுதினால் ஒரு கணக்கு இரு கணக்காகும். இரண்டு பம்புகள் ஒருங்கே ஓடினால் நன்மை. இரண்டு தலைவர்கள் ஓடினால் கேடு!

எனவே மூன்று வேண்டும். பெரும்பான்மை உள்ள பக்கமே எழுதலாம். ஐயத்திற்குரிய சர்வரின் மின்சாரத்தைத் துண்டித்த பிறகே புதியது பொறுப்பேற்க வேண்டும்.

அதுவும் போதாது. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் கிட்ஹப் நிறுவனத்தில் இணைப்பு அறுந்தது 43 நொடிகளே. பெரும்பான்மை புதிய தலைவனைத் தேர்ந்தது. ஆயினும் பழைய தலைவனிடம் இருந்த சில நொடிப் பதிவுகள் புதியவனை எட்டவில்லை. சீர்செய்ய 24 மணி நேரத்திற்கு மேலாயிற்று.

ஒரு பதிவு இன்னொரு சர்வரிலும் சேர்ந்த பின்னரே 'முடிந்தது' எனச் சொல்லுதல் வேண்டும். அதற்குச் சிறிது தாமதமாகும். அதுவே காப்பின் விலை. நண்பர்களே, துணை இருந்தால் மட்டும் போதாது. அமைதியான ஒரு நாளில் தலைமைச் சர்வரை நாமே நிறுத்திப் பார்க்க வேண்டும். சோதிக்காத துணை, துணையன்று.