ஏ.சி. எத்தனை மணிக்குப் படுத்துக்கொள்கிறது?

ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டால் கோடையில் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: “கேஸ் போயிடுச்சு சார், ஏத்திடலாம்.” ஏற்றுவார்கள். இரண்டு நாள் ஜில்லென்று இருப்பது போலத் தோன்றும். அடுத்த சித்திரையில் மறுபடியும் அதே வசனம், அதே செலவு.

இந்த வசனத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஏ.சி.க்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் அதே கேஸ்தான் திரவமாகி, ஆவியாகி, மறுபடி திரவமாகிச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, பொத்தல் குடத்தில் தண்ணி பிடிக்கிற கதைதான். ஓட்டையே இல்லாத மெஷினில் ஏற்றினால் அதைவிட மோசம். அது ஏன் என்று கீழே வருகிறது.

நான் தொழிலில் மென்பொருள்காரன், ஏ.சி. மெக்கானிக் கிடையாது. ஆனால் எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு புரோகிராம் படுத்துவிட்டால் “என்ன கோளாறு?” என்று கேட்பதற்கு முன்னால் “எப்போ படுக்குது?” என்று கேட்போம். அடி அண்ணாமலை பக்கம் நண்பர்கள், உறவினர்கள் வீடுகளில் ஜன்னல் ஏ.சி.க்களைப் பார்த்து எழுதி வைத்த குறிப்புகளில் இந்தக் கேள்விதான் அதிகம் உதவியிருக்கிறது. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. சூட்டுக்கு ஒரு சுமைதூக்கி, அவ்வளவுதான். அறைப் பக்கம் ஒரு காயில், தெருப் பக்கம் ஒரு காயில், நடுவில் கம்ப்ரசர். ஒரே மோட்டார், இரண்டு முனையிலும் இரண்டு விசிறி.

எவ்வளவு சுமை தூக்கும் என்பதைத்தான் “டன்” என்கிறோம். பலரும் நினைப்பது போல அது மெஷினின் எடை கிடையாது. ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யூ., நம் கணக்கில் சுமார் 3.5 கிலோவாட். பனிக்கட்டி கப்பலில் வந்த காலத்து அளவு இது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கும் ஐஸ் ஹவுஸ், ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டப்பட்டது. உங்கள் வீட்டு 1.5 டன் ஏ.சி., நாளுக்கு ஒன்றரை டன் பனிக்கட்டி உருகுவதற்குச் சமமான வேலையைச் செய்கிறது.

சுமைதூக்கி நின்றுபோக மூன்று காரணங்கள்தான் இருக்க முடியும். சாப்பாடு போதவில்லை, அது கரண்ட். வழி அடைத்திருக்கிறது, அது காற்று. தூக்கும் கூடையே ஓட்டை, அது கேஸ். இந்த மூன்றில் எது என்பதை மணியே காட்டிக்கொடுக்கும்.

மத்தியானம் மூன்று மணிக்குப் படுத்தால்: காற்று

காலையிலும் ராத்திரியிலும் நன்றாக ஓடுகிறது. மத்தியானம் இரண்டு, மூன்று மணிக்கு விசிறி மட்டும் சுற்றுகிறது, கம்ப்ரசர் சத்தம் இல்லை. பத்து இருபது நிமிஷம் கழித்து “டக்” என்று தானாக வருகிறது, மறுபடி நிற்கிறது. இந்த மாதிரி இருந்தால் கேஸை முதலில் சந்தேகப்படாதீர்கள். கேஸ் குறைவு என்றால் ராத்திரியும் குறைவுதானே? ராத்திரி மட்டும் எங்கிருந்து வந்தது?

வெளிப்பக்கக் காயில் சூட்டைக் கொட்ட வேண்டுமானால், வெளிக்காற்றைவிடச் சூடாக இருக்க வேண்டும். வெளியே 40 டிகிரி என்றால் காயில் 50, 55-க்குப் போகும். காயிலில் தூசி அடைத்திருந்தாலோ, கொட்டிய சூடான காற்றே திரும்பி உள்ளே வந்தாலோ அது 65-க்கு ஏறும். பழைய ஆர்-22 கேஸுக்கு 50 டிகிரியில் அழுத்தம் சுமார் 19 பார், 65 டிகிரியில் சுமார் 27 பார். கம்ப்ரசர் மூச்சு முட்டிச் சூடாகிறது. அதன் தலையில் இருக்கும் ஓவர்லோடு என்கிற சின்னக் காவல்காரன் கரண்டை வெட்டிவிடுகிறான். ஆறினதும் மறுபடி விடுகிறான். இந்த நிலைமையில் மேற்கொண்டு கேஸ் ஏற்றினால் அழுத்தம் இன்னும் கூடும். நோயாளி மூச்சு வாங்கும்போது தலையில் மூட்டை வைப்பது போல.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே. அடி அண்ணாமலை மலைக்கு மேற்குப் பக்கம். காலை வெயில் மலையைத் தாண்டி வரக் கொஞ்சம் தாமதிக்கும். மாலை வெயில் மறைப்பே இல்லாமல் முழுசாக அடிக்கும். மேற்குச் சுவரில் ஏ.சி. வைத்த வீடுகளில் இந்த மூன்று மணி நோய் அதிகம். கிரிவலப் பாதைத் தூசியும் காயில் தகடுகளுக்கு நடுவே சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு காரணம் கட்டும்போதே நேர்வது. ஜன்னல் ஏ.சி.யின் இரண்டு பக்கவாட்டிலும், சில மாடல்களில் மேலேயும், செதில் செதிலாகத் துளைகள் இருக்கும். வெளிக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போய், பின்பக்கக் காயில் வழியாகச் சூடாக வெளியே வருகிறது. மெல்லிய ஜன்னல் சட்டத்தில் வைத்தால் துளைகள் வெளியே இருக்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரை உடைத்து ஓட்டை போட்டு, உள்பக்கம் அழகாக இருக்கட்டும் என்று முன்னால் இழுத்து வைத்து, சுற்றிலும் சிமெண்ட் பூசினால்? மூக்கைப் பொத்தியாகிவிட்டது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் வீட்டில் மூன்று கோடை தொடர்ந்து கேஸ் ஏற்றினார்கள். கோளாறு இந்தச் சுவர்தான். சட்டம் அடித்து, பெட்டியை வெளிப்பக்கம் நகர்த்தி, துளைகள் சுவரைத் தாண்டும்படி வைத்ததும் மத்தியானமும் ஓட ஆரம்பித்தது. எண்பதைத் தாண்டியவர், மே மாத மத்தியானத்தில் அந்த அறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லாதவர். அவருக்கு இது சொகுசு விஷயமே இல்லை.

ராத்திரி பத்து மணிக்குப் படுத்தால்: கரண்ட்

மத்தியானம் ஓடுகிறது, ராத்திரி ஊரே ஏ.சி. போடும் நேரத்தில் கம்ப்ரசர் “ம்ம்ம்” என்று முனகிவிட்டு “டக்” என்று நின்றுவிடுகிறது. வெளியே குளிர ஆரம்பித்த பிறகு நிற்பதால் இது சூட்டுப் பிரச்சினை இல்லை. வோல்டேஜைப் பாருங்கள்.

மோட்டாரின் சுழற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 185 வந்தால் வோல்டேஜ் குறைவது 20 சதவீதம்தான். ஆனால் விசை 65 சதவீதத்துக்கு இறங்கிவிடும். லைன் கடைசியில் இருக்கும் வீடுகளில் இது சாதாரணம்.

ஸ்டெபிலைசரின் முகப்பில் தெரியும் எண்ணைப் பாருங்கள். மெயின் போர்டில் 225 இருந்து, ஏ.சி. ஓடும்போது அதன் பிளக்கில் மட்டும் 200 என்றால் பிரச்சினை தெருவில் இல்லை, உங்கள் வீட்டு ஒயரில். பிளக் தொட்டால் சுடுகிறதா, பழுப்பேறி இருக்கிறதா என்று பாருங்கள். அது தீப்பிடிக்கக்கூடிய விஷயம், உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடணும்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் எந்த நேரமும் முனகி நின்றால் கெப்பாசிட்டர் மேல்தான் முதல் சந்தேகம். மோட்டாரைக் கிளப்பிவிடும் உருளை அது. சூட்டில் வருஷா வருஷம் வலு குறையும். தலை உப்பியிருந்தால் முடிந்தது. மாற்றும் செலவு கேஸ் ஏற்றுவதைவிடக் குறைவு. ஆனால் நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரண்ட் தேங்கி நிற்கும். தெரிந்தவர் கையால்தான் மாற்றணும்.

கரண்ட் போய் வந்த உடனே ஏ.சி.யைப் போடக்கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. ஓடும்போது ஒரு பக்கம் அதிக அழுத்தம், மறுபக்கம் குறைவு. நின்ற பிறகு இரண்டும் சமமாக மூன்று நிமிஷம் ஆகும். அதற்குள் கிளப்பினால் கம்ப்ரசர் சுவரைத் தள்ளுவது போலத்தான்.

எந்த நேரமும் சுமாராகவே இருந்தால்

ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு அறைப் பக்கக் காயிலைப் பாருங்கள். காயில் முழுக்கப் பனி படர்ந்திருந்தால் காற்று போதவில்லை: ஃபில்டர், காயில் தூசி, மெதுவாகச் சுற்றும் விசிறி. கேஸ் நுழையும் மூலையில் மட்டும் பனி, மீதிக் காயில் காய்ந்து கிடக்கிறது என்றால் இப்போதுதான் கேஸைச் சந்தேகப்படலாம்.

அடுத்து, சாதாரணத் தெர்மாமீட்டர் போதும். 15 நிமிஷம் ஓடவிட்டு உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் மெஷின் வேலை செய்கிறது. அறை பெரிசு, அல்லது மொட்டைமாடிச் சூடு இறங்குகிறது. ஆடி, ஆவணி மழைப் புழுக்கத்தில் வித்தியாசம் குறையும், பயப்படாதீர்கள். காற்றின் ஈரத்தைத் தண்ணியாக்கவும் சக்தி செலவாகிறது. மணிக்கு ஒரு லிட்டர் தண்ணி சொட்டினால் அதற்கே சுமார் 0.7 கிலோவாட் போகிறது, 1.5 டன் மெஷினின் வலுவில் எட்டில் ஒரு பங்கு.

மீட்டர் எதுவும் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. ஈ.பி. மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும், 3200 என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஏ.சி.யை மட்டும் ஓடவிட்டு, ஒரு நிமிஷம் எண்ணுங்கள். எண்ணிக்கையை 60,000-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் வாட். 80 சிமிட்டல் என்றால் 1500 வாட், கம்ப்ரசர் ஓடுகிறது. ஏழெட்டு சிமிட்டல்தான் என்றால் விசிறி மட்டும்தான் சுற்றுகிறது. குளிராததற்குக் கேஸ்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. ஏ.சி.யின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் அளவைவிட நன்றாகக் குறைந்து, காயிலில் ஒரு மூலை மட்டும் பனி, காற்று வித்தியாசம் நாலைந்து டிகிரி: மூன்றும் சேர்ந்தால் கேஸ் குறைவு என்று நம்பலாம். இந்தக் கணக்கு சாதாரண ஏ.சி.க்குத்தான். இன்வர்ட்டர் மாடல் தேவைக்கேற்பக் கரண்டைத் தானே குறைத்துக்கொள்ளும்.

ஹாட் அண்ட் கோல்ட் மாடல் சூடாக ஊதினால்

டெல்லி, பெங்களூரிலிருந்து வீடு மாற்றி வருபவர்கள் சூடும் குளிரும் தரும் மாடலைக் கொண்டுவருகிறார்கள். அதில் கேஸின் திசையைத் திருப்பும் ஒரு வால்வு உண்டு. திருப்பினால் தெருச் சூட்டை எடுத்து அறைக்குள் கொட்டும். முதலில் ரிமோட்டில் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள்; குழந்தைகள் அழுத்தியிருப்பார்கள். பனிப்பூ படம் இருந்தும் கம்ப்ரசர் ஓடிச் சூடாகவே ஊதினால் வால்வு சிக்கியிருக்கலாம். அதற்கும் கேஸ் ஏற்றுவதற்கும் சம்பந்தமில்லை.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது

அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கோடையில் ஒரு நாளைக்குப் பல வீடு ஏறி இறங்குபவருக்கு “குளிரலைங்க” என்று மட்டும் சொன்னால், வழக்கமான பதில்தான் வரும். “மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல கம்ப்ரசர் கட் ஆகுதுங்க, வோல்டேஜ் 225 இருக்கு, ஃபில்டர் கழுவியாச்சு, மீட்டர்ல 1500 வாட் காட்டுது” என்று சொல்லிப் பாருங்கள். அவரும் வேறு மாதிரிப் பேசுவார்.

கேஸ் குறைவு உறுதியானால், “லீக் எங்கேன்னு கண்டுபிடிச்சு அடைச்சிட்டு ஏத்துங்க” என்று கேட்பது உங்கள் உரிமை. காசு மட்டும் இல்லை. ஆர்-22 ஓசோனை அரிப்பது. அதன் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில் 1,800 கிலோ கரியமில வாயு அளவுக்குச் சூட்டைப் பிடித்து வைக்கும். புது மெஷின்களில் வரும் ஆர்-32 ஓசோனுக்குக் கெடுதல் செய்யாது, ஆனாலும் 675 மடங்கு சூடு; லேசாகத் தீப்பிடிக்கவும் கூடியது. அதனால் கேஸ் குழாயில் நாம் கை வைக்கவே கூடாது.

நாம் செய்யக்கூடியது இவ்வளவு: ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுவது, பங்குனியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வெளிக்காயிலைத் துடைக்கச் சொல்வது, பெட்டி பின்பக்கம் லேசாகச் சரிந்திருக்கிறதா என்று பார்ப்பது. அப்புறம் ஏ.சி. பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, அது படுக்கும்போதெல்லாம் தேதி, மணி, வோல்டேஜ் மூன்றையும் எழுதி வைப்பது. நான்கு நாள் குறிப்பு சேர்ந்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிய ஆரம்பித்துவிடும்.